கடைசி இலக்கம் எங்கே போச்சு? (திரையும் எழுத்தும் சண்டை போட்ட வரலாறு)



ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல கிடந்த பதிவு இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. கணினித் தொழில்ல இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம். புரியாத வார்த்தை வந்தா அங்கேயே விளக்கிடுறேன். முதல்ல கொசுவத்தியைச் சுத்திக்கிறேன்.

2005-ஆம் வருஷம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துல வீடு. துறைமுகத்துக்கு எதிர்ல செகண்ட் லைன் பீச் ரோட்டுல, மாடிப்படிக்குக் கீழே ரெண்டு நாற்காலி போட்ட ஆபீஸ். கிளியரிங் ஏஜென்டுகளுக்கும் லாரி செட்டுகளுக்கும் விஷுவல் பேசிக் 6-ல சின்னச் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுக்கிறதுதான் பொழப்பு. அப்படி எழுதினதுல ஒண்ணு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல இருந்த ஒரு எடைமேடைக்கு. (எந்த எடைமேடைன்னு கேக்காதீங்க. தப்பு அவங்களோடது இல்லை, என்னோடது.)

எடைமேடை எப்படி வேலை செய்யும்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. லாரி மேடையில ஏறி நிக்கும். மேடைக்கு அடியில இருக்கிற உணரிகள் எடையை ஒரு இண்டிகேட்டர் பெட்டிக்கு அனுப்பும். அதுல சிவப்பு எண்கள் ஓடும். அங்கேருந்து ஒரு சீரியல் கேபிள் கணினிக்கு வரும். என் மென்பொருள் அந்த எண்ணை வாங்கித் திரையில பெருசா காட்டி, மொத்த எடையிலேருந்து வெறும் வண்டி எடையைக் கழிச்சு, சீட்டு அடிச்சுக் கொடுக்கும். அவ்வளவுதான்.

அங்கே இருந்த ஆபரேட்டருக்கு வயசு அறுபதுக்கு மேல. எல்லாரும் 'நைனா'ன்னுதான் கூப்பிடுவாங்க, நானும் அப்படித்தான். சீட்டு அடிச்சாலும், திரையைப் பார்த்துப் பெரிய ரிஜிஸ்டர்ல கையால எழுதி வைக்கிறது அவர் பழக்கம். மாசக் கணக்கு அந்த ரிஜிஸ்டரை வச்சுத்தான்.

ஒரு நாள் போன். "தம்பி, உன் பொட்டி என் பேரைக் கெடுத்துட்ச்சு. உடனே வா."

போனா, ஒரே ரகளை. பழைய இரும்பு ஏத்துற லாரிக்காரர் கையில ஒரு கத்தை சீட்டு. சீட்டுல 24385 கிலோ. ரிஜிஸ்டர்ல 24380. இன்னொண்ணு 18725, ரிஜிஸ்டர்ல 18720. எங்கெல்லாம் கடைசி எண் அஞ்சோ, அங்கெல்லாம் ரிஜிஸ்டர்ல சைபர். "லோடுக்கு அஞ்சு கிலோ முழுங்குறான்"னு அந்த ஆள் கத்துறார். இருபது வருஷம் தராசுல உக்காந்த மனுஷன், ஒரு வார்த்தை பேசாம தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

ரிஜிஸ்டரைப் பின்னாடி புரட்டிக்கிட்டே போனேன். தப்பு சரியா பதினோரு நாள் முன்னாடி ஆரம்பிக்குது. "பதினோரு நாள் முன்னாடி என்ன நடந்துச்சு நைனா?"ன்னு கேட்டேன். யோசிச்சுச் சொன்னார்: "கண்ணுல புரை. எழுத்து மங்கலா தெரிஞ்சுது. பேரன் வந்தான், எல்லாத்தையும் பெர்சா வச்சுக் குடுத்துட்டுப் போனான்."

அவ்வளவுதான் விஷயம். விண்டோஸ் எக்ஸ்பியில திரை அமைப்புக்குள்ள போனா 'சாதாரண அளவு, பெரிய அளவு'ன்னு ஒரு தேர்வு இருக்கும். பேரன் பெரிய அளவைத் தேர்ந்தெடுத்திருக்கான். என் நிரல்ல எடை காட்டுற கட்டம் வளரலை, உள்ளே இருக்கிற எண் மட்டும் வளர்ந்துடுச்சு. கடைசி எண் கட்டத்துக்கு வெளியே விழுந்துடுச்சு.

கணக்கு இதோ. சாதாரண அளவுன்னா அங்குலத்துக்கு 96 புள்ளி. பெரிய அளவுன்னா 120, அதாவது 125 சதவீதம். என் எண்கள் ஒவ்வொண்ணும் 20 பிக்சல் அகலம். அஞ்சு எண்ணுக்கு 100 பிக்சல் கட்டம். 125 சதவீதத்துல ஒவ்வொரு எண்ணும் 25 பிக்சல். அஞ்சு எண்ணுக்கு 125 வேணும். ஆனா என் கட்டம் அதே 100. சரியா நாலு எண் உக்காரும், அஞ்சாவது காணாமப் போகும். பாதி வெட்டுப்பட்டுத் தெரிஞ்சிருந்தாகூட யாராவது சந்தேகப்பட்டிருப்பாங்க. இது சுத்தமா மறைஞ்சதுதான் வினை.

நைனா என்ன பண்ணியிருக்கார்? பழைய மேடையில எடை பத்துப் பத்தா ஏறும், கடைசியில எப்பவும் சைபர்தான். புது மேடையில அஞ்சஞ்சா ஏறும். பழைய பழக்கத்துல, "நாலு எண்தான் வருது, கடைசில சைபர்தானே"ன்னு அவரே போட்டுக்கிட்டார்.

இதுல ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வருது. திருவொற்றியூர் கோயில் சுவர்ல சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீங்க. அந்தக் காலக் கல்வெட்டுல பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஓலையிலயும் அப்படித்தான். படிக்கிறவங்க விட்டதை நிரப்பிக்கணும். எகரம் ஏகாரம் வித்தியாசத்தை இன்னிக்கு நாம எழுதுற மாதிரி தெளிவாக்கினவர் 18-ஆம் நூற்றாண்டு வீரமாமுனிவர்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். அதுவரைக்கும் நம்ம ஆளுங்க இடம் பார்த்துத்தான் படிச்சாங்க. சொல்லுக்கு அது சரிப்படும். எடைக்குச் சரிப்படாதே!

சரி, தப்பு எங்கேருந்து வந்தது? விஷுவல் பேசிக் பிக்சல்ல பேசாது, 'ட்விப்'னு ஒரு அளவுல பேசும். அச்சுத் தொழில்ல ஒரு அங்குலத்துக்கு 72 பாயின்ட். ஒரு பாயின்ட்டுல இருபதுல ஒரு பங்கு ஒரு ட்விப். ஆக அங்குலத்துக்கு 1440. அதை 96-ஆல வகுத்தா 15. நான் என்ன பண்ணேன்? கட்டத்தோட அகலம் 1500 ட்விப்பை 15-ஆல வகுத்து 100 பிக்சல்னு நேரா விண்டோஸ்கிட்ட சொல்லிட்டேன். 120 புள்ளித் திரையில அது 12-ஆல வகுக்கணும், 125 வரணும். 'திரையே, உன்கிட்ட ஒரு பிக்சலுக்கு எத்தனை ட்விப்?'னு கேக்கிற ஒரு வரி விபியிலேயே இருந்தது. நான் கேக்கலை. என் கணினியில 15, ஊர்ல எல்லார் கணினியிலும் 15-ன்னு நினைச்சேன்.

இந்த 96 எங்கேருந்து வந்ததுன்னு பார்த்தா அதுவே ஒரு கதை. 1984-ல வந்த மெக்கின்டாஷ் திரையில அங்குலத்துக்கு 72 புள்ளி. அச்சோட 72 பாயின்ட்டுக்கு நேரா பொருந்தும்: திரையில பார்க்கிற அளவு தாளிலயும் வரும். மைக்ரோசாஃப்ட்காரங்க, 'தாளைவிடத் திரையைக் கொஞ்சம் தள்ளி வச்சுத்தான் பார்க்கிறோம், எழுத்து மூணுல ஒரு பங்கு பெருசா இருக்கட்டும்'னு 96 ஆக்கினாங்க. அப்புறம் திரை எத்தனை அங்குலமா இருந்தாலும், உள்ளே எத்தனை பிக்சல் இருந்தாலும், விண்டோஸ் அதையே அங்குலம்னு நம்பிச்சு. அளக்காத அங்குலம்!

எழுத்து இடத்துக்குப் பொருந்தாத தொல்லை கணினியோட பிறந்தது இல்லை. தரங்கம்பாடிக்கு 1713-ல ஜெர்மனியோட ஹாலே நகரத்துலேருந்து தமிழ் அச்செழுத்துகள் கப்பல்ல வந்து இறங்கின. அங்கே உக்காந்து வெட்டினவங்களுக்குத் தமிழ் எழுத்து எவ்வளவு நுணுக்கமா வேணும்னு தெரியலை. எழுத்து ரொம்பப் பெருசு, காகிதத்தை விழுங்குது. சீகன்பால்கு கூட்டத்தார் என்ன பண்ணாங்க தெரியுமா? இங்கிலாந்துலேருந்து சீஸ் அடைச்சு வந்த பெட்டிகளோட ஈயத்தை உருக்கி, உள்ளூர்லயே சின்ன எழுத்து வார்த்தாங்க. 1714, 1715-ல புதிய ஏற்பாடு அச்சாச்சு. டிஸ்ப்ளே ஸ்கேலிங் பிரச்சினையை ஈயம் உருக்கித் தீர்த்த முதல் ஆளுங்க அவங்கதான் :-) அடுத்த அம்பது வருஷத்துல, 1761-ல, பாண்டிச்சேரியில பிடிச்ச அச்சு இயந்திரம் நம்ம வேப்பேரிக்கு வந்து, பப்ரீஷியுஸ் கைக்குப் போய், வடசென்னைப் பக்கமும் தமிழ் அச்சு ஓட ஆரம்பிச்சது.

மறுபடி எடைமேடைக்கு வருவோம். அன்னிக்கு நான் பண்ண வேலையைச் சொல்ல வெக்கமா இருக்கு. திரையைப் பழையபடி சாதாரண அளவுக்கு மாத்திட்டேன். ரெண்டு நிமிஷம். கடைசி எண் வந்துடுச்சு. லாரிக்காரர்கிட்டயும் முதலாளிகிட்டயும் 'தப்பு என் புரோகிராம்ல, அவர்மேல இல்லை'ன்னு சொன்னேன். பதினோரு நாள் ரிஜிஸ்டரை நானும் நைனாவும் சேர்ந்து உக்காந்து, கணினியில சேமிச்ச எண்களை வச்சு வரிவரியா திருத்தினோம். கிளம்பும்போது அவர் சொன்னார்:

"இப்போ எண்ணெல்லாம் முழுசா கீது தம்பி. எனக்குத்தான் ஒண்ணும் தெர்ல."

அந்த ராத்திரி தூக்கம் வரலை. எண்ணைக் காப்பாத்த ஒரு மனுஷனோட கண்ணைப் பிடுங்கிட்டு வந்திருக்கேன். அடுத்த ரெண்டு நாள் உக்காந்து எல்லா 15-ஐயும் தேடித் தேடி எடுத்தேன். திரையைக் கேட்டு வகுக்க வச்சேன். எண்ணைத் திரையில எழுதுறதுக்கு முன்னாடி அதோட அகலத்தை அளந்து, அதுக்கப்புறம் கட்டம் போட வச்சேன். எண்ணை வலது ஓரமா ஒட்டவச்சேன். போய்ப் பெரிய அளவைத் திருப்பி வச்சுக் கொடுத்தேன். நைனா முகத்துல சிரிப்பு.

உடனே அடுத்த கோரிக்கை. "மொத்த எடை, வெறும் வண்டி, நிகர எடைன்னு தமிழ்ல போடேன். டிரைவருங்க எட்டிப் பார்த்தா புரியும்ல?"

ஆஹா, தமிழ்தானே, தட்டிடலாம்னு நினைச்சேன். யூனிகோட்ல தட்டிப் போட்டா வந்தது வரிசையா கேள்விக்குறி. ஏன்னா விபி 6 உள்ளுக்குள்ள யூனிகோட்ல சேமிச்சாலும், திரையில காட்டுற பட்டன், லேபிள் எல்லாம் பழைய எட்டு பிட் முறை. அந்த முறையில பல மொழிகளுக்கு விண்டோஸ் 'கோட் பேஜ்' வச்சிருந்தது. தமிழுக்கு அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. இடமே இல்லாத வீட்டுக்கு விருந்தாளியா போன கதை.

அதுக்கு நம்மவங்க முன்னாடியே வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. ஆங்கில எழுத்துக்கு அப்புறம் காலியா இருக்கிற 128 இடத்துல தமிழ் எழுத்தோட படங்களை அடைக்கிறது. நம்மகிட்ட 247 எழுத்து, இடமோ 128. அதனால கு, கூ மாதிரி ஒட்டிப் பிறந்ததுக்குத் தனி இடம். 'கொ'வுக்குக் கொம்பு, க, கால்னு மூணு துண்டு. ஆளுக்கு ஒரு அடைப்பு முறை இருந்ததால ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிக்க முடியலை. அதைச் சரி பண்ணத்தான் டிஸ்கி (நம்ம பதிவர் டிஸ்கி இல்லீங்க, டி.எஸ்.சி.ஐ.ஐ!) வந்தது. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தது. நான் எடைமேடைக்கு டாப் எழுத்துருவைத்தான் போட்டேன். விண்டோஸுக்கு அது தமிழ்னே தெரியாது. தலையில கொம்பு வச்ச பிரெஞ்சு எழுத்துன்னு நினைச்சுச் சமத்தா காட்டிச்சு.

யூனிகோட் கதை வேற. 1991-ல முதல் பதிப்பிலேயே தமிழ் வந்துடுச்சு, இஸ்கி முறையை ஒட்டி. அதுல ஒலி வரிசையில சேமிப்பாங்க. 'கெ'ன்னா முதல்ல க, பின்னாடி எகரக் கொம்பு. வரையும்போது கொம்பை முன்னாடி தூக்கிப் போடணும். 'கொ'ன்னா குறியை ரெண்டா பிளந்து ரெண்டு பக்கமும் வைக்கணும். இந்த வேலையைச் செய்ய ஒரு ஆள் வேணும். விண்டோஸ்ல அந்த ஆள் பேரு யூனிஸ்க்ரைப். லதா எழுத்துருவோட தமிழ் முறையா வந்தது விண்டோஸ் 2000-ல. எக்ஸ்பியில ஆள் தூங்கிக்கிட்டிருப்பார். 'சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு'ன்னு ஒரு டிக் அடிச்சு, சிடியைப் போட்டு எழுப்பணும். சிடி தேடி அலைஞ்சவங்க கை தூக்குங்க பார்ப்போம்!

விண்டோஸ் 98-ல இருந்தவங்களுக்கு மறைந்த உமர்தம்பி அவர்களோட தேனீ எழுத்துரு கை கொடுத்தது. பக்கத்தோட எழுத்துருவும் சேர்ந்து இறங்கும், எக்ஸ்ப்ளோரர்ல படிச்சுக்கலாம். நெருப்புநரி 2-ல வரிகளை ரெண்டு ஓரமும் சமன் பண்ணா கொம்பு தனியா, கால் தனியா சிதறும். 'ஜஸ்டிஃபை பண்ணாதீங்க மக்கா'ன்னு எத்தனை பதிவுல கெஞ்சியிருப்போம்! 2008-ல நெருப்புநரி 3 வந்தப்புறம்தான் அந்த ஒப்பாரி ஓய்ஞ்சது. இந்தக் கொம்பு வேலையே வேண்டாம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்துடலாம்னு வந்ததுதான் டேஸ் 16. 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடோட அதையும் அங்கீகரிச்சது. ஆனா உலகம் யூனிஸ்க்ரைப், ஹார்ஃப்பஸ் மாதிரி வரையுற ஆளை நல்லா பழக்குற வழியில போயிடுச்சு. இன்னிக்கு நெருப்புநரி, குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாத்துலயும் தமிழை அடுக்கிக் கொடுக்கிறது ஹார்ஃப்பஸ்தான்.

2007-ல எடைமேடை மென்பொருளை டாட்நெட்ல திருப்பி எழுதினேன். இப்போ யூனிகோட் தமிழ் வரும். வந்தது, ஆனா 'கூ'வோட வாலும் 'ழு'வோட சுழியும் வெட்டுப்பட்டு வந்தது. காரணம் பழைய காரணம்தான். லேபிளோட உயரத்தை ஆங்கில எழுத்துக்கு வச்சிருந்தேன். எழுத்துரு டஹோமான்னு எழுதியிருந்தாலும், அதுல தமிழ் இல்லாததால விண்டோஸ் கமுக்கமா லதாவை எடுத்துப் போடும். லதா உயரமானவங்க, டஹோமா வீட்டு வாசல்ல தலை இடிக்கும் ;-) அதோட டாட்நெட்ல எழுத்து வரைய ரெண்டு வழி: ஜிடிஐ பிளஸ், ஜிடிஐ. ஒண்ணுல அளந்து இன்னொண்ணுல வரைஞ்சா அளவு ஒத்துப்போகாது. 2005-ல வந்த டாட்நெட் 2-லயே, மற்ற மொழி எழுத்துகளை ஒழுங்கா காட்டத்தான் ஜிடிஐ வழியைக் கொண்டுவந்திருந்தாங்க. எதால வரையுறோமோ அதாலதான் அளக்கணும். தையற்காரர் ஒரு டேப்புல அளந்து இன்னொரு டேப்புல வெட்டலாமா?

அதே 2007-ல விஸ்டா கடைக்கு வந்தது. என்னை மாதிரி ஆளுங்களை நம்பிப் பிரயோஜனம் இல்லைன்னு மைக்ரோசாஃப்ட் முடிவு பண்ணிடுச்சு. 'எனக்கு அளவு தெரியும்'னு தானா அறிவிக்காத நிரல்கிட்ட, 'உன் திரை 96தான்'னு விண்டோஸ் ஒரு பொய் சொல்லும். நிரல் பழையபடி வரையும். அந்தப் படத்தை அப்படியே இழுத்துப் பெருசாக்கும். எதுவும் வெட்டுப்படாது, ஆனா ஆவி பிடிச்ச கண்ணாடி வழியா பார்க்கிற மாதிரி மங்கலா இருக்கும். 2013-ல விண்டோஸ் 8.1 வந்தப்போ ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு. மடிக்கணினியிலேருந்து சன்னலைப் பெரிய திரைக்கு இழுத்தா நடுவுலயே அளவு மாறணும். 2017-ல விண்டோஸ் 10-ல பழைய ஜிடிஐ நிரல்களோட எழுத்தைக் கூர்மையாவே பெருசாக்கிற வசதி வந்தது. ஆப்பிள்காரங்க 2010-ல ஐபோன் 4-லயும், 2012-ல மடிக்கணினியிலயும் நேரா ரெண்டு மடங்குன்னு போயிட்டாங்க. ரெண்டு மடங்குல பின்னம் கிடையாது. நம்ம 125 சதவீதத்துல ஒரு பிக்சல் கோடு ஒண்ணேகால் ஆகும். கால் பிக்சல் வரைய முடியாது. அதனால ஒரு கோடு மெலிசா, அடுத்தது தடிமனா, அட்டவணையே கோணலா வரும்.

இத்தனை வருஷ வரலாற்றையும் ஒரு வாக்கியத்துல சொல்லணும்னா, எழுதுறவன் தன் மேசைமேல இருக்கிற அளவை ஊர் அளவுன்னு நினைச்சுட்டான். ஹாலேயில எழுத்து வெட்டினவர், 96-ஐ அங்குலம்னு நம்பினவங்க, 15-ஆல வகுத்த நான், எல்லாரும் ஒரே ஜாதி. மருந்தும் ஒண்ணுதான்: கேளு, அளந்து பாரு, அப்புறம் கட்டம் போடு. எடைமேடைக்கு எழுதினவனுக்கே அளக்கத் தெரியலைங்கிறது வேற கதை.

நிரல் எழுதுற நண்பர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். வேலையைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி திரையை 125-லயும் 150-லயும் வச்சு ஒரு தடவை பாருங்க. தமிழ்ல 'கூ', 'ழு', 'ஸ்ரீ', 'ணொ' நாலையும் தட்டிப் பாருங்க. உயரமும் அகலமும் அதுல தெரிஞ்சுடும். இடம் போதலைன்னா எண்ணை வெட்டாதீங்க, கட்டத்தைப் பெருசாக்குங்க. யாராவது எழுத்தைப் பெருசா வச்சிருந்தா அவங்களுக்கு அது தேவைன்னு அர்த்தம். திருப்பிச் சின்னதாக்கிட்டு 'சரியாயிடுச்சு'ன்னு வராதீங்க. நான் ஒரு தடவை வந்தேன்.

நைனா ரெண்டு வருஷம் கழிச்சு வேலையை விட்டு நின்னுட்டார். கடைசி நாள் வரைக்கும் அந்தத் திரை பெரிய எழுத்துலதான் இருந்தது. நான் இன்னிக்கும் எந்த மென்பொருள் எழுதினாலும் சோதனைக்கு முதல்ல போடுற எண் 24385. அஞ்சும் தெரிஞ்சாத்தான் அடுத்த வேலை.

உங்க நிரல்ல, உங்க பதிவுல எழுத்து உடைஞ்ச கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. சேர்ந்து சிரிக்கலாம், முடிஞ்சா சேர்ந்து சரி பண்ணலாம். வர்ட்டா?